இலங்கை மலையகத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்

நாட்டுக்கோட்டைச் செட்டியார் அல்லது நகரத்தார் எனப்படுவோர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இலங்கையின் குளிர்ந்த மலைப்பகுதிகளில் நிகழ்ந்த காப்பி, தேயிலை, அரிசி வணிகத்திற்குக் கடன் வழங்கிய தமிழ் வணிகச் சமூகத்தினர் ஆவர். நெற்குப்பை, காரைக்குடி, தேவகோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களே இவர்களின் தாயகமாகும். மலையகத்தில் பெரும் பொருளை முதலீடு செய்தபோதும், தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் இவர்கள் அங்குத் தங்கவில்லை. மனைவி மக்கள், வீடு, கோயில் உரிமை ஆகியன செட்டிநாட்டிலேயே இருந்தன. முதல் ஓரிடத்தில், குடியிருப்பு வேறிடத்தில் என்னும் இந்த ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் இவர்களின் வலிமையாக இருந்தது. 1948ஆம் ஆண்டிற்குப் பிந்திய குடியுரிமைச் சட்டங்களின் கீழ் அதுவே இவர்களின் வலுவின்மையாக மாறியது.

பெயர்

இச்சமூகத்தினர் தம்மை நகரத்தார் என்றே அழைத்துக்கொள்வர். நாட்டுக்கோட்டைச் செட்டியார், தனவணிகர் என்னும் பெயர்களும் வழக்கில் உள்ளன. இலங்கையில் வாழும் கொழும்புச் செட்டிகள் என்னும் சமூகத்தினர் இவர்களினின்றும் வேறானவர்கள். கொழும்புச் செட்டிகள் ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திலேயே இலங்கையில் நிலையாகக் குடியேறியவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர்கள். நகரத்தாரோ சைவர்கள், இலங்கையில் தொழில் நிமித்தம் தங்கி மீண்டவர்கள்.

தாயகம்

சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கும் பொன்னமராவதிக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ள பேரூராட்சி நெற்குப்பை ஆகும். பயண இலக்கிய எழுத்தாளர் சோமலெ (1921 - 1986) பிறந்த ஊர் இது. நகரத்தார் ஊர்கள் பண்டு 96 ஆக இருந்தன என்பது மரபு. இன்று அவர்கள் வாழும் ஊர்கள் எழுபதுக்கு மேற்பட்டவை. இவை சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ளன.

செட்டிநாடு வறண்ட நிலப்பகுதியாகும். ஆற்றுப் பாசனம் குறைவு. வேளாண்மை பெரும்பாலும் மழையையும் கண்மாய்களையும் நம்பியது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசை நெருங்கும். உள்ளூர் வேளாண்மையில் பெருமுதலை இட இயலாத நிலை, கடல் கடந்த வணிகத்திற்கு ஒரு தூண்டுதலாக அமைந்தது. தொழிலுக்காக வெளிநாடு செல்வதை நகரத்தார் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்பர்.

மலையகமும் தோட்டப் பொருளாதாரமும்

இலங்கையின் நடுவில் அமைந்த உயர்நிலப் பகுதி தமிழில் மலையகம் எனப்படுகிறது. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசு அளவினது. இத்தட்பவெப்பம் இரு வகையில் பொருளாதார மதிப்புப் பெற்றது. முதலாவது, காப்பியும் (இலங்கை வழக்கில் கோப்பி) தேயிலையும் செழித்து வளர அது ஏற்றதாக இருந்தது. இரண்டாவது, வெப்பத்தினின்று விலகியிருக்க விரும்பிய ஐரோப்பியர் அங்கு இல்லங்கள் அமைத்தனர். 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியிருப்பு ஒன்றை உருவாக்க முயன்றார். 1876ஆம் ஆண்டில் அங்குத் தோட்டத்துரைமாருக்கான மலை மன்றம் நிறுவப்பட்டது.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் பிரித்தானியர் வசமானது. 1830களில் காப்பிப் பயிர்ச்செய்கை விரைந்து பரவியது. கொழும்பு - கண்டி இருப்புப்பாதை 1867ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் 1880களுக்குள் பெரும்பாலும் அழிந்தன. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். அவர்களுக்கு வேண்டிய அரிசி தென்னிந்தியாவிலிருந்தும் பின்னர் பர்மாவிலிருந்தும் இறக்குமதியானது. கூலி கொடுக்க வெள்ளி நாணயம் தேவைப்பட்டது. இவ்விரு தேவைகளும் நகரத்தாரின் வருகைக்கு வழி வகுத்தன.

தொடக்ககாலத் தொழில்

நகரத்தார் முதலில் அரிசி, துணி வணிகத்தில் ஈடுபட்டனர். அரிசியை இறக்குமதி செய்து, இந்திய ரூபாய் நாணயத்தைக் கொண்டுவந்து, உண்டியல் மூலம் பணமாற்றம் செய்தனர். இலங்கையில் பதின்ம முறை ரூபாய் 1872ஆம் ஆண்டு முதல் அதிகாரமுறை நாணயமானது. அதற்கு முன்னரே தோட்டப் பகுதிகளில் இந்திய ரூபாய் புழக்கத்தில் இருந்தது. வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு வட்டித் தொழிலை விரிவாக்கினர். கொழும்பின் செட்டியார் தெரு இத்தொழிலின் மையமாகவும், மலையக நகரங்கள் அதன் கிளைகளாகவும் அமைந்தன.

பல நிறுவனங்கள் ஒரே கட்டடத்தில் தனித்தனிப் பெட்டியும் கணக்குமாக இயங்கின. அக்கட்டடம் கிட்டங்கி எனப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் குடும்ப முன்னெழுத்துகளால் ஆன விலாசத்தால் அறியப்பட்டது. அன்றாட வரவு செலவு குறிப்பிலும், ஆள்வாரிக் கணக்குப் பேரேட்டிலும், இறுதி நிலை ஐந்தொகையிலும் எழுதப்பட்டன.

கடன் அமைப்பு

பெரிய ஐரோப்பியத் தோட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலேய வங்கிகளிடமும் முகமை நிறுவனங்களிடமும் கடன் பெற்றன. அவ்வங்கிகள் உள்நாட்டுச் சிறு வணிகருக்கும் சிறு தோட்ட உரிமையாளருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. கடன் கேட்பவரின் நிலையை அறிய வங்கிக்கு வழி இல்லை என்பதே காரணம். இந்த இடைவெளியை நகரத்தார் நிரப்பினர். அவர்கள் ஊர் வழக்கும் கடனாளியின் நாணயமும் அறிந்தவர்கள். சிங்களம் பேசக் கற்றவர்கள். எழுத்து வேலை குறைவாகவும் முடிவு விரைவாகவும் கடன் கொடுத்தவர்கள்.

நகரத்தாருக்கு முதல் நான்கு வழிகளில் வந்தது. அவை:

1. குடும்பத்தின் சொந்த முதல்.
2. உறவினர், பெண்களின் சீதனப் பணம், கோயில் மற்றும் அறக்கட்டளைப் பணம் ஆகியவற்றின் வைப்புகள்.
3. பிற நகரத்தார் நிறுவனங்களிடம் பெற்ற கைமாற்று. இதற்கான வட்டி ‘நடப்பு வட்டி’ எனப்பட்டது. அதனை அவர்கள் கூடிப் பேசி அவ்வப்போது முடிவு செய்தனர்.
4. கொழும்பிலிருந்த வங்கிகள் கொடுத்த குறுங்காலக் கடன்.

வங்கிகள் பெரும்பாலும் இரு நிறுவனங்கள் சேர்ந்து கையொப்பமிட்ட கடனுறுதிச் சீட்டின் பேரில் பணம் கொடுத்தன. ஒருவர் தவறினால் மற்றவர் செலுத்த வேண்டும்.

இம்முறையின் ஆதாயத்தையும் இடரையும் ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு நிறுவனத்தின் சொந்த முதல் 1,00,000 ரூபாய் என்று கொள்க. வங்கியிடம் 8 விழுக்காட்டு வட்டிக்கு மேலும் 1,00,000 ரூபாய் பெற்று, மொத்தம் 2,00,000 ரூபாயை 15 விழுக்காட்டிற்குக் கொடுத்தால், ஆண்டு வட்டி வரவு 30,000 ரூபாய். வங்கிக்குச் செலுத்துவது 8,000 ரூபாய். எஞ்சும் 22,000 ரூபாய் சொந்த முதலின் மீது 22 விழுக்காடு ஆகும். ஆனால் வங்கிக் கடன் கேட்டவுடன் திருப்ப வேண்டியது. தோட்டத்தின் மீது கொடுத்த கடனோ விளைச்சலும் விலையும் கூடினால் மட்டுமே திரும்புவது. வங்கி தன் பணத்தை ஒரே நேரத்தில் கேட்டால், ஐந்தொகையில் ஆதாயம் இருந்தும் பெட்டியில் பணம் இராது.

முகவர் முறை

முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தார். வெளிநாட்டுக் கடையை நடத்தியவர் மேலாள் அல்லது ஏஜெண்டு எனப்பட்டார். அவருக்கு உதவியாக அடுத்தாளும், கணக்கரும், பெட்டியடிப் பையனும் இருந்தனர். பெட்டியடிப் பையன்களாக இளம் வயதிலேயே சேர்ந்தவர்கள், தொழில் பழகி, அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர்ந்தனர். பின்னர்ச் சிலர் தாமே முதலாளிகளாயினர்.

மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டுகள். இதனை ஒரு ‘கணக்கு’ என்பர். புறப்படுமுன் சம்பளச் சீட்டு எழுதப்படும். ஊதியத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே குடும்பச் செலவிற்குத் தரப்படும். ஆதாயத்தில் ஒரு பங்கும் மேலாளுக்கு உண்டு. மூன்றாண்டு முடிவில் அடுத்த மேலாள் வந்து கணக்கை ஏற்பார். பழையவர் ஊர் திரும்பி முதலாளியிடம் கணக்கு ஒப்புவிப்பார். சில மாதங்கள் அல்லது சில ஆண்டுகள் ஊரில் இருந்துவிட்டு மீண்டும் செல்வார்.

நம்பிக்கையே இம்முறையின் அடித்தளம். அந்நம்பிக்கைக்குப் பிணையாக இருந்தது ஊர். மேலாளின் மனைவி, மக்கள், வீடு, உறவு, பெயர் அனைத்தும் முதலாளியின் கண்ணெதிரே செட்டிநாட்டில் இருந்தன. கண்டியில் கணக்குத் தவறியவருக்கு நெற்குப்பையிலோ தேவகோட்டையிலோ பெண் கொடுப்பார் இல்லை என்னும் நிலை, எழுதப்பட்ட ஒப்பந்தத்தைவிட வலியதாக இருந்தது.

ஓய்வும் ஊர் திரும்புதலும்

மலையகத்தின் தட்பவெப்பம் இதமானது என்பதை அங்குப் பல ஆண்டுகள் இருந்த நகரத்தார் நன்கு அறிந்திருந்தனர். எனினும் தொழிலை விட்ட பின்னர் அங்கு வீடு கட்டிக் குடியிருத்தல் அவர்களிடையே வழக்கமாகவில்லை. இதற்குப் பின்வரும் காரணங்களைக் கூறலாம்.

கோயில் உரிமை: நகரத்தார் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோயில்களின் வழிப் பிரிவுகளாக அமைந்தவர்கள். திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்படுவர். ஊர்க் காரியங்களிலும் கோயில் காரியங்களிலும் உரிமையும் கடமையும் புள்ளியைக் கொண்டே அமையும்.

குடும்ப அமைப்பு: தொழில் தொடங்கிய காலத்தில் பெண்கள் கடல் கடந்து செல்லும் வழக்கம் இல்லை. 20ஆம் நூற்றாண்டில்தான் இவ்வழக்கம் சிறிது சிறிதாகத் தளர்ந்தது. கணவர் இல்லாத காலத்தில் வீடு, திருமணம், சீர்வரிசை, வைப்புப் பணம் ஆகியவற்றை நடத்தியவர்கள் ஆச்சிமார். இவ்வேற்பாட்டின் சுமையில் பெரும்பகுதி அவர்களுடையது. மூன்றாண்டுப் பிரிவும் சில மாத உடனிருப்பும் அவர்களின் வாழ்நாள் ஒழுங்காக இருந்தது.

அண்மை: பர்மா, மலாயா ஆகியவற்றை நோக்க இலங்கை அருகில் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பிற்குக் கப்பல் சென்றது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இருப்புப்பாதை வழியே தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் அடைந்து, மீண்டும் தொடர்வண்டியில் மலையகம் செல்ல முடிந்தது. இவ்வழி 1964ஆம் ஆண்டு திசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை இயங்கியது.

இவ்வாறு முதியவர்கள் குளிர்ந்த மலையை விட்டு வெப்பம் மிகுந்த செட்டிநாட்டிற்குத் திரும்பினர். வெப்பத்தைத் தாங்க உதவியது அவர்கள் கட்டிய வீடு. உயர்ந்த கூரை, தடித்த சுவர், காற்றோட்டம் தரும் முற்றம், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் ஆகியன கோடையிலும் உள்ளே குளிர்ச்சியைத் தருவன. இவ்வீடுகளில் பர்மாத் தேக்கும் இலங்கை முதிரை மரமும் காணப்படுகின்றன.

கோயில்கள்

நகரத்தார் சென்ற நாடுகளிலெல்லாம் முருகனுக்குக் கோயில் எடுத்தனர். வணிகத்தில் ஒரு சிறு பகுதியை மகமையாக ஒதுக்கி அதனைக் கொண்டு இப்பணிகளைச் செய்தனர். கொழும்புச் செட்டியார் தெருவில் உள்ள பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் ஆகியனவும், அங்கிருந்து புறப்படும் ஆடிவேல் விழாவும் புகழ் பெற்றவை. மலையகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் குறிப்பிடத்தக்கது. 1874ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இக்கோயிலின் திருப்பணியில் நகரத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. தோட்டத் தொழிலாளர் வணங்கிய அம்மனுக்கு வணிகர் பொருள் கொடுத்துக் கட்டிய கோயில் என்னும் வகையில், மலையகத் தமிழரின் இரு பிரிவினரும் சந்தித்த இடம் இது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் இக்கோயில் சேதமடைந்து, பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது.

1925ஆம் ஆண்டு நெருக்கடி

1925ஆம் ஆண்டில் இலங்கையில் சில நகரத்தார் நிறுவனங்கள் நொடித்தன. இரு கையொப்பச் சீட்டு முறையால் ஒன்றின் வீழ்ச்சி மற்றொன்றையும் பாதித்தது. வங்கிகள் அச்சமுற்று, நகரத்தாருக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கிக்கொண்டன. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டன. நகரத்தார் தம் கடனாளிகளை நெருக்க வேண்டியதாயிற்று. சிறு வணிகரும் சிறு தோட்ட உரிமையாளரும் திடீரெனக் கடனின்றித் தவித்தனர்.

1929ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் தேயிலை, இரப்பர், தேங்காய் விலைகள் வீழ்ந்தன. வட்டி நின்றது. அடகாக இருந்த நிலங்கள் வழக்கு மன்றம் வழியாகக் கடன் கொடுத்தவரிடம் வந்தன. பணமாகத் திரும்ப வேண்டிய முதல், தோட்டமாகவும் வயலாகவும் தங்கிவிட்டது. நிலம் தேடிச் சென்றிராத வணிகர்கள் அயல்நாட்டில் நிலவுடைமையாளராயினர். அதே சமயம், நிலம் இழந்த குடும்பங்களின் மனக்குறை அரசியலில் ஒலிக்கத் தொடங்கியது. உயர்ந்த வட்டி குறித்தும், அடகு நிலங்கள் கைமாறியது குறித்தும் இலங்கையர் எழுப்பிய குற்றச்சாட்டுகள் அக்காலச் சட்டங்களுக்குப் பின்னணியாக இருந்தன.

உள்நாட்டு வங்கிகளின் தேவையை ஆராய 1934ஆம் ஆண்டில் சர் சொராப்ஜி போச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. அதன் பயனாக 1939ஆம் ஆண்டில் இலங்கை வங்கி நிறுவப்பட்டது. 1932ஆம் ஆண்டில் வருமான வரியும், 1941ஆம் ஆண்டில் கடன் இணக்கச் சட்டமும் வந்தன. கடன் சந்தையில் நகரத்தாருக்கு இருந்த தனியிடம் இவ்வாறு படிப்படியாகக் குறைந்தது.

குடியுரிமைச் சட்டங்கள்

இலங்கை 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4 அன்று விடுதலை பெற்றது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினருள் பெரும்பாலோரைக் குடிமக்கள் அல்லாதவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி செய்தது. எனினும், தடையின்றித் தொடர்ந்து வசித்திருத்தல் அதன் முதன்மை நிபந்தனையாகும். திருமணமான ஆண் விண்ணப்பித்தால், மனைவியும் அவரைச் சார்ந்த இளவயதுப் பிள்ளைகளும் இலங்கையில் வசித்து வந்திருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் வேண்டியது.

மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பியவர்களும், மனைவி மக்களைச் செட்டிநாட்டில் வைத்திருந்தவர்களும் ஆகிய நகரத்தாருக்கு இந்நிபந்தனை கடினமானது. முன்பு நாணயத்திற்குப் பிணையாக இருந்த அதே ஊர்த் தொடர்பு, இப்போது அயலார் என்பதற்குச் சான்றாயிற்று.

1949ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் மேலாள், அடுத்தாள் மாற்றத்திற்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. செலாவணிக் கட்டுப்பாடு ஊருக்குப் பணம் அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது. 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், குடிமக்கள் அல்லாதோருக்கு நிலம் கைமாறினால் அதன் மதிப்பில் 100 விழுக்காட்டு வரி விதித்தது. 1972ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தனிநபர் உடைமைக்கு 50 ஏக்கரும், அதில் நெல் வயலுக்கு 25 ஏக்கரும் உச்சவரம்பு விதித்தது. இவற்றின் பின்னர் மலையகத்தில் நகரத்தாரின் பழைய தொழில் முடிவுற்றது. கோயில்களும் சில குடும்பங்களின் வணிகமும் தொடர்ந்தன.

தோட்டத் தொழிலாளருடன் ஒப்பீடு

அதே மலையில், அதே சட்டத்தால் பாதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்கள் குடும்பத்தோடு தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்கள். பலருக்குத் தமிழகத்தில் வீடோ நிலமோ எஞ்சியிருக்கவில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாத்திரி ஒப்பந்தத்தின்படி, நாடற்றிருந்த 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் குறித்துப் பின்னர் முடிவு செய்யப்பட்டது. தாயகம் திரும்பியோர் என்னும் பெயருடன் வந்தவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வேலை தரும் நோக்கில் 1968ஆம் ஆண்டில் தமிழக வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம், 1976ஆம் ஆண்டில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

செட்டியார் இழந்தது முதல்; திரும்பிச் செல்ல வீடு இருந்தது. தொழிலாளர் இழந்தது வீடு.

பிற நாடுகளில்

இலங்கைக்கு வெளியேயும் இதே போக்கைக் காணலாம். பர்மாவில் 1930ஆம் ஆண்டளவில் நகரத்தாரின் கடன் முதல் 75 கோடி ரூபாய் எனப் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930ஆம் ஆண்டில் 6 விழுக்காடாக இருந்தது. 1938ஆம் ஆண்டிற்குள் 25 விழுக்காடானது. 1942ஆம் ஆண்டு சப்பானியப் படையெடுப்பின்போது பலர் நடந்தே இந்தியா திரும்பினர். பர்மா விடுதலை பெற்றபின் நிலங்கள் நாட்டுடைமையாயின. மலாயாவிலும் இந்தோசீனாவிலும் அந்தந்த நாட்டு அரசியல் மாற்றங்களைப் பொறுத்து விளைவு வேறுபட்டது.

தற்காலச் சட்ட நிலை

குளிர்ந்த மலைநகர் ஒன்றில் வெளிநாட்டவர் வீடு வாங்குதலும் ஓய்வுக்காலத்தைக் கழித்தலும் இன்று பல நாடுகளில் அரசுத் திட்டங்களாக உள்ளன. மலேசியா 1996ஆம் ஆண்டில் முதியோருக்கான திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2002ஆம் ஆண்டில் அதனை ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என விரிவாக்கியது. தமிழ்த் தொழிலாளர் உழைத்த தேயிலைத் தோட்டங்களைக் கொண்ட கேமரன் மலை அந்நாட்டின் புகழ்பெற்ற குளிர்வாழிடமாகும்.

இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க நில உரிமைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டவர் நிலத்தை முழு உரிமையாக வாங்குவதைத் தடுக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு, மரபுரிமையாக வரும் சொத்து முதலியவற்றிற்கு அதில் விலக்கு உண்டு. வெளிநாட்டவர் 99 ஆண்டுகள் வரை குத்தகைக்குப் பெறலாம். இந்தியாவில் வசிப்போர் வெளிநாட்டில் சொத்து வாங்கவும் முதலிடவும் தாராளமாக்கப்பட்ட பணவிடுப்புத் திட்டத்தின் கீழ் பணம் அனுப்பலாம். 2004ஆம் ஆண்டில் 25,000 அமெரிக்க டாலராகத் தொடங்கிய அதன் ஆண்டு வரம்பு, 2015ஆம் ஆண்டில் 2,50,000 டாலராக உயர்த்தப்பட்டது.

இச்சட்டங்கள் சொத்துரிமை, வதிவுரிமை, பணத்தைத் திரும்பக் கொணரும் உரிமை ஆகிய மூன்றையும் தனித்தனியே கையாளுகின்றன. ஒன்றைப் பெற்றவர் மற்றவற்றையும் பெற்றவராகார். மலையகத்தில் நகரத்தாரிடம் சொத்து இருந்தது. வதிவும் பணமாற்றமும் வேறு சட்டங்களால் நின்றன.

எச்சங்களும் இலக்கியமும்

வெளிநாட்டு முதலீட்டின் ஈட்டம் செட்டிநாட்டில் வீடுகளாகவும், கோயில் திருப்பணிகளாகவும், ஊருணிகளாகவும், பள்ளிகளாகவும் காணப்படுகிறது. வாரிசுகள் பலராகிப் பல நகரங்களிலும் நாடுகளிலும் வாழ்வதால், பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. திருமணத்திற்கும் படைப்பிற்கும் திறக்கப்படுகின்றன. சில இடிக்கப்பட்டு, மரமும் தூணும் விற்கப்பட்டுள்ளன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014ஆம் ஆண்டில் யுனெசுகோவின் உலக மரபுக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

நெற்குப்பைக்கு அண்மையிலுள்ள சிங்கம்புணரியைச் சேர்ந்த ப. சிங்காரம் (1920 - 1997) எழுதிய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய புதினங்கள் தென்கிழக்காசிய வட்டிக்கடை வாழ்வைப் பின்புலமாகக் கொண்டவை. இலங்கை நகரத்தாரைக் குறித்து வி. எஸ். வீரசூரியா எழுதிய ஆங்கில ஆய்வு நூல் 1973ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவற்றையும் பார்க்கவும்

நகரத்தார்
நெற்குப்பை
செட்டிநாடு
மலையகத் தமிழர்
கொழும்புச் செட்டிகள்
சிறிமா - சாத்திரி ஒப்பந்தம்